மனிகால்: ஒபாமா பேர் வெச்ச பங்க் பக்கத்துல ஊர்னு ஒண்ணு இருக்கா?

கேள்வி:
அயர்லாந்துல சனிக்கிழமை டப்ளின்லேர்ந்து லிமரிக்குக்குக் கார்ல போறோம். எம்7 மோட்டார்வேல 23-வது எக்ஸிட்ல ‘பராக் ஒபாமா பிளாசா’ன்னு பெட்ரோல் பங்க் இருக்காமே? நிஜமாவே சம்பந்தம் இருக்கா, வியாபாரத்துக்கு வெச்ச பேரா? பக்கத்துல இருக்கிற மனிகால் ஊருக்குள்ள போகலாமா?

பதில் 1:
பிளாசாலேயே காபி, பாத்ரூம் முடிச்சுட்டுக் கிளம்புங்க. ஊர்ல ஒரே தெரு.

பதில் 2:
அந்த ஒரே தெருவைத்தான் பார்க்கணும் சார். 2010 கடைசி வரைக்கும் டப்ளின்–லிமரிக் மெயின் ரோடே அதுதான், பழைய என்7. லாரி, பஸ் எல்லாம் அந்த வழியாத்தான் போகணும். மோட்டார்வே திறந்ததும் மொத்த வண்டியும் ஊரைச் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு.

அஞ்சே மாசத்துல, 2011 மே 23 அன்னிக்கு, ஒபாமாவும் மிஷெலும் அதே தெருவுல வந்து இறங்கினாங்க. ஜனத்தொகை முன்னூறு சொச்சம்தான். ஊரே வீட்டுக்கு வீடு பெயின்ட் அடிச்சு நின்னுச்சு. அவர் பப்புல கின்னஸ் குடிச்ச படத்தைப் பார்த்திருப்பீங்க.

சம்பந்தம் உண்மைதான், அம்மா வழியில. ஃபால்மத் கார்னின்னு ஒருத்தர், செருப்புத் தைக்கிறவரோட மகன், பஞ்சம் அடங்காத 1850-ல, பத்தொன்பது வயசுல ஊரை விட்டு அமெரிக்கா போய் ஒஹாயோவுல தங்கினார். ஒபாமாவோட அம்மா வழித் தாத்தாவுக்குக் கொள்ளுத்தாத்தா. கார்னி குடும்பம் புராட்டஸ்டன்ட். அதனால கத்தோலிக்க ஊர்ல இருந்தும் அவங்க பேர் சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேட்டுலதான் இருந்துச்சு. 2007-ல அந்தச் சபைப் பாதிரியார்தான் தேடி எடுத்தார்.

பிளாசா வந்தது 2014-ல. மாடியில ஒபாமா காட்சிக்கூடம்கூட இருக்கு. எனக்கு அதுல பாதி சந்தோஷம்தான். அவர் பேரால நின்ன வண்டி எக்ஸிட்லேயே நின்னுடுது, தெரு வரைக்கும் வர்றது கொஞ்சம்தான்.

கேட்டவர்:
நன்றி சார். அப்போ தெருவுக்கே போறோம். மனிகால் டிப்பரரிதானே?

பதில் 2:
மேப்புல ஆஃபலி கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி), டிப்பரரி எல்லையை ஒட்டினாப்புல. ஆனா ஊரோட ஹர்லிங் (மட்டையும் பந்தும் வெச்சு ஆடுற ஐரிஷ் விளையாட்டு) டீம் ஆடுறது டிப்பரரி போட்டிகள்ல! பப்புல இந்தப் பேச்சை எடுத்தீங்கன்னா லிமரிக் போய்ச் சேர ராத்திரி ஆயிடும்.

பார்த்துட்டு மோட்டார்வேல ஏறாதீங்க. பழைய ரோடு இப்போ ஆர்445. டூமவாரா வழியா நீனா வரைக்கும் அதுலேயே போங்க, நீனாவுல நார்மன் காலத்து வட்டக் கோபுரம் இருக்கு. எம்7-ஐ அங்கே பிடிச்சுக்கலாம்.