பால் மறந்த பன்றிக்குட்டிக்கு புரோபயாடிக்: போட்ட காசு திரும்புமா?

தீவனக்கணக்கு:
தாயிடமிருந்து பிரித்த முதல் வாரக் கழிச்சலுக்கு புரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்த் தூள்) பாக்கெட் வாங்குவது வீண்செலவு. பிரித்த ஓரிரு நாள் குட்டி சரியாகத் தின்னாது, சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். வயிற்றில் அமிலமும் போதாது. செரிக்காத புரதம் பெருங்குடலுக்கு இறங்கினால் கழிச்சல் தரும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். புரதத்தை 22 சதவீதத்திலிருந்து 18க்குக் குறையுங்கள். குறைகிற அமினோ அமிலங்களான லைசின், மெத்தியோனின், திரியோனைனைத் தனியாகச் சேருங்கள். சுண்ணாம்புத்தூளையும் குறைக்க வேண்டும், இருக்கிற கொஞ்ச அமிலத்தையும் அது முறித்துவிடும்.

குடல்நலம்:
புரதம் பற்றிச் சொன்னது சரிதான் அண்ணே. ஆனால் எந்த புரோபயாடிக் என்று பார்க்காமல் வீண் என்றால் எப்படி? லாக்டோபேசில்லஸ் என்ற பாக்டீரியா, தீவனத்தைக் குச்சியாக அழுத்தும் பெல்லட் மெஷினின் 80 டிகிரியில் செத்துப்போகும். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா கெட்டி உறைக்குள் உறங்கும் வித்தாக இருப்பதால் தாங்கும். வேகவைத்த ஓட்டல் கழிவு ஆறுவதற்குள் லாக்டோபேசில்லஸ் தூளைக் கொட்டிவிட்டு "வேலை செய்யலை" என்றால் யார் குற்றம்? குளோரின் தண்ணீரில் கரைத்தாலும் அதே கதி.
அளவு: கிராமுக்கு 100 கோடி உயிரணு என்று லேபிளில் இருந்தால், டன் தீவனத்துக்கு 1 கிலோ. முதலில் 10 கிலோ தவிட்டில் கலந்து, பிறகு மொத்தத் தீவனத்தில் சேர்க்கணும். நேரடியாகப் போட்டால் ஒரு மூட்டையில் அள்ளிக் கிடக்கும், அடுத்ததில் ஒன்றும் இருக்காது.

தீவனக்கணக்கு:
உங்கள் கணக்குப்படியே கிலோ தீவனத்துக்கு 100 கோடி. நாளுக்கு 250 கிராம் தின்னும் குட்டிக்கு 25 கோடி போய்ச் சேரும். தின்னாத குட்டிக்கு? சுத்தமாக ஒன்றுமில்லை. கழிவது அந்தக் குட்டிதானே!

குடல்நலம்:
அதனால்தான் பிரித்த பிறகு ஆரம்பிக்கக் கூடாது என்கிறேன். ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பே தாய்ப்பன்றித் தீவனத்தில் சேருங்கள், சாணம் வழியாகக் குட்டிக்கு வந்துவிடும். பால்குடிக் காலத்துக் குட்டித் தீவனத்திலும் தொடரணும். பேசில்லஸ் குடலில் நிலையாகத் தங்காது, நிறுத்தினால் சில நாளில் வெளியேறிவிடும். பிரித்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் விடாமல் கொடுங்கள்.

கால்நடை டாக்டர்:
குட்டிகளுக்குக் கழிச்சல் தரும் எஃப்4, எஃப்18 வகை ஈ.கோலை வந்து தண்ணீராகக் கழியும் குட்டிக்கு இரண்டு பேர் சொல்வதும் மருந்தல்ல. கண் குழிந்திருந்தால் முதலில் எலக்ட்ரோலைட் கரைசல். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தேடாதீர்கள், இந்தியாவில் 2019லேயே உணவுக்கான கால்நடைகளுக்குத் தடை. ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் கழிச்சலுக்குத் தீவனத்தில் கலக்கும் மருந்தளவு துத்தநாக ஆக்சைடையும் நிறுத்திவிட்டது, மண்ணில் துத்தநாகம் சேருகிறது என்பதால். ஆன்டிபயாடிக் ஓடும் நாட்களில் லாக்டோபேசில்லஸ் கொடுப்பதில் பெரிய பயனில்லை. ஈஸ்ட் கொடுக்கலாம், அது பூஞ்சை வகை, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது. பிரித்த வாரம் குட்டி படுக்கும் இடத்தில் 28 டிகிரியாவது இருக்கணும். குளிரில் நடுங்கும் குட்டிக்கு எந்தத் தூளும் உதவாது.

தீவனக்கணக்கு:
சரி, சோதித்துப் பார்க்கலாம். ஒவ்வொரு ஈற்றுக் குட்டிகளையும் எடை பார்த்து இரண்டு அறைக்குச் சமமாகப் பிரியுங்கள். ஒன்றில் தூள், மற்றதில் இல்லை. மற்றபடி தீவனம் ஒன்றே. 14ஆம் நாள் எடை போட்டு, கூடிய எடையின் விலையைத் தூளின் விலையோடு ஒப்பிடுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் தூளை விட்டுவிடணும்.

குடல்நலம்:
சம்மதம். ஆனால் இரண்டு அறைக்கும் ஒரே மண்வெட்டி, ஒரே பூட்ஸ் வேண்டாம். தூள் இல்லாத அறையில் முதலில் வேலையை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள். இல்லையென்றால் வித்து அங்கேயும் போய், இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.