புதுப்பிப்பு: ராஸ்பெரி பையில் 'அம்மா' 15 எழுத்தான காரணம் பிடிபட்டது

தமிழ் எழுத்துகளை எண்ண நான் சி மொழியில் எழுதிய நூலகம் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்பு) இன்டெல் லினக்ஸிலும் ஏஆர்எம் சில்லுள்ள மேக்கிலும் சரியாக ஓடுகிறது, ராஸ்பெரி பை (அதுவும் ஏஆர்எம் சில்லுள்ள ஒரு சிறு கணினி) லினக்ஸில் மட்டும் 'அம்மா'வை 3-க்குப் பதிலாக 15 என்கிறது என்று சென்ற வாரம் எழுதியிருந்தேன். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் மீதுதான் சந்தேகப்பட்டேன். தவறு என் வரியில்.

எழுத்துகளைப் பைட்டுகளாக (0 முதல் 255 வரையான எண்களாக) சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று பைட்டுகள். அவற்றை சி மொழியில் ஒரு பைட்டை வைக்கும் வெறும் 'சார்' வகையில் வாங்கி, ஆங்கில எழுத்தல்லாத பைட்டா என்று அறிய, சுழியத்துக்குக் கீழே இருக்கிறதா என்று சோதித்திருந்தேன். 'சார்' குறியுள்ளதா (எதிர்ம எண்ணையும் ஏற்பது), குறியற்றதா (எதிர்ம எண்ணை ஏற்காதது) என்பதை சி தரநிலை கம்பைலரின் முடிவுக்கே விட்டுவிடுகிறது. இன்டெல்லில் அது குறியுள்ளது. 127-க்கு மேற்பட்ட பைட்டு அங்கே எதிர்ம எண்ணாகும், 224 என்பது -32 ஆகிவிடும். ஏஆர்எம் லினக்ஸில் குறியற்றது. 224 அப்படியே நிற்கும், சோதனை ஒருபோதும் தேறாது. 15 பைட்டுகளும் 15 எழுத்துகளாயின! ஆப்பிள் ஏஆர்எம்மிலும் குறியுள்ளதாகவே வைத்திருப்பதால் மேக் காட்டிக்கொடுக்கவில்லை.

'சார்' குறியுள்ளதாகவே இருக்கட்டும் என்று ஜிசிசி கம்பைலருக்கு ஒரு கொடி (கட்டளையோடு சேர்க்கும் விருப்பம்) கொடுத்தால் அன்றே தீர்ந்திருக்கும். ஆனால் அது என் மேசையோடு நின்றுவிடும். நூலகத்தை எடுத்துச் செல்கிறவர் தம் அமைப்புகளோடுதான் கம்பைல் செய்வார். அதனால் எல்லா இடத்திலும் 'அன்சைன்டு சார்' (குறியற்ற சார்) என்று எழுதி, 127-க்கு மேலா என்று சோதிக்கிறேன்.

கூடவே இன்னொன்று: கிளாங் என்ற மற்றொரு கம்பைலர் தன்னை ஜிசிசி என்றும் அறிவித்துக்கொள்ளும். ஜிசிசியா என்று முதலில் கேட்டால் அதுவும் ஆம் என்றுவிடும். அதனால், எந்தக் கம்பைலர் என்று பார்க்கும் அமைப்புக் கோப்பில் கிளாங்கை முதலில் சோதிக்கும்படி வரிசையை மாற்றிவிட்டேன்.

பை இப்போது 3 என்கிறது. அதில் முன்பு எடுத்த எண்ணிக்கைகளை நம்ப வேண்டாம், மறுபடி ஓட்டுங்கள்.