ஹூ, விச், தட்: பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:
பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் 'தி புக் விச் ஐ பாட் இட் இஸ் குட்' என்றுதான் எழுதுகிறார்கள், எத்தனை முறை திருத்தினாலும் அந்த 'இட்' திரும்ப வந்துவிடுகிறது. அப்புறம், 'தட்' எங்கே போடக் கூடாது?

பதில் 1:
தமிழில் 'நான் வாங்கிய புத்தகம்' என்று பெயரெச்சத்தை முன்னால் வைத்து முடித்துவிடுகிறோம், இணைக்க தனிச்சொல் தேவையில்லை. ஆங்கிலத்தில் பெயர் முதலில், விளக்கம் பின்னால். பலகையில் 'தி புக் இஸ் குட்', 'ஐ பாட் இட்' என்று இரண்டையும் எழுதுங்கள், 'இட்'டை அடித்து அதன் மேலேயே 'விச்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு 'புக்'குக்குப் பக்கத்தில் இழுத்துக் காட்டுங்கள். 'இட்' போன இடத்தில்தான் 'விச்' வந்தது என்று கண்ணால் பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள்.

பதில் 2:
கமாவை விட்டுவிடாதீர்கள், அதில்தான் பொருளே மாறுகிறது. 'மை பிரதர் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் எ டாக்டர்' என்று கமா இல்லாமல் எழுதினால் சகோதரர்கள் பலர், அவர்களில் மதுரைக்காரர் டாக்டர். 'ஹூ லிவ்ஸ் இன் மதுரை'க்கு இருபுறமும் கமா போட்டால் இருப்பதே ஒருவர்தான். இப்படிக் கமா போட்ட இடத்தில் 'தட்' கூடாது.

பதில் 3:
'ஹூம்' கேட்டால், 'ஹிம்' பொருந்தும் இடத்தில் 'ஹூம்' என்று சொல்லுங்கள். பேச்சில் 'ஹூ' போதும், ஆனால் 'டு', 'வித்' உடனே முன்னால் வந்தால் 'ஹூம்'தான். 'ஹூஸ்' பொருள்களுக்கும் வரும், 'எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்' சரியான ஆங்கிலம், தயவுசெய்து அதை அடித்துவிடாதீர்கள்.