பாலக்காட்டுல பெரியவர் ஒருத்தருக்கு ரூம் கிடைக்குமாங்க?

வணக்கங்க. பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கற நம்ம ஆளுங்க யாராவது வழி சொல்லுங்க.

எங்க டீக்கடைத் திண்ணையில ஒரு பெரியவர் ரெண்டு வருசமாப் படுத்துக்கறார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர், தோப்பு வேலைக்கு வந்தவர். விடியக்காலம் நாலரைக்கு நான் ஷட்டர் தூக்கறதுக்குள்ள சாக்கை மடிச்சு வெச்சு, வாசலைக் கூட்டித் தண்ணி தெளிச்சிருப்பார். மனநல மாத்திரை அட்டையை வேட்டி மடியில முடிஞ்சு வெச்சிருக்கார். போன மாசம் மழையில அத்தனையும் நனைஞ்சு போச்சு. பத்து நாள் மாத்திரை இல்லாம, மறுபடி ராத்திரியெல்லாம் தனியாப் பேச ஆரம்பிச்சுட்டார். வீடு இல்லாம வைத்தியம் நிக்காதுன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ரேஷன் கார்டு தமிழ்நாட்டுது. இங்க உதவி கேட்டா அங்க போங்கறாங்க, அங்க போனா கேரளாவுலதானே இருக்கார்ங்கறாங்க. மூணு தடவை வாளையார் எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துட்டேன்.

வீடில்லைங்கறதுக்காக யாரையும் மனநல ஆஸ்பத்திரி, விடுதியிலயே வெச்சிருக்கக் கூடாதுன்னு 2017 மனநலச் சட்டம் 19ஆம் பிரிவு சொல்லுது. சென்னை பான்யன் அமைப்பு ‘ஹோம் அகெய்ன்’னு நாலஞ்சு பேருக்கு ஒரு வாடகை வீடு எடுத்து, துணைக்கு ஆளும் வெச்சுப் பார்த்துக்குது. அது மாதிரி ஆம்பளைங்களுக்குப் பாலக்காட்டுலயோ கோயமுத்தூர்லயோ இருக்கா? தலை சாய்க்க இடம் மட்டும் பத்தாதுங்க, மாத்திரை போட்டாரான்னு கேக்கவும் ஆள் வேணும்.

இல்லைன்னா, அட்வான்ஸ் கேக்காத சின்ன ரூம் போதும். முட்டி வலி இருக்கறதால கீழ் வீடா இருக்கணும். மாசம் 2,000 ரூபா நாங்க மூணு பேர் சேர்ந்து தர்றோம். தினமும் சாயங்காலம் நானே வந்து பார்த்துக்கறேன். தெரிஞ்சவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.