மிச்ச நூலைத் தீர்க்கச் சின்னதாக என்ன பின்னலாம்?

நூல்பெட்டி:
எல்லோருக்கும் வணக்கம். ஸ்வெட்டர், மஃப்ளர் என்று பின்னி முடித்த பிறகு மிஞ்சிய நூல் உருண்டைகள் இரண்டு பெட்டி நிறையச் சேர்ந்துவிட்டன. கம்பளி இருக்கிறது, அக்ரிலிக் இருக்கிறது, கொஞ்சம் பருத்தியும் இருக்கிறது, ஆனால் பாதிக்கு மேல் லேபிள் கிடையாது. இவை தீரும்வரை புது நூல் வாங்கப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பெரிய போர்வை வேண்டாம், அது மாதக்கணக்கில் இழுக்கும், சின்னச் சின்னதாக முடிந்து கையில் வந்தால்தான் எனக்கு அடுத்ததைத் தொடங்கத் தோன்றும். எதை எதற்குப் பயன்படுத்துவது? முக்கியமாக, முக்கால்வாசி வந்த பிறகு நூல் போதாமல் அதே நிறத்தைத் தேடி அலைய வேண்டி வரக்கூடாது, அதற்கு வழி சொல்லுங்கள்.

கண்ணிக்கணக்கு:
டிசைன் தேடுவதற்கு முன்னால் சமையலறைத் தராசை எடுங்கள். ஒவ்வொரு உருண்டையையும் எடை போட்டு ஒரு துண்டுச் சீட்டில் கிராமை எழுதிச் செருகி வைத்தாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும். டிகே பருமன் (மெல்லியதும் இல்லாமல் தடித்ததும் இல்லாமல் நடுத்தரமாக இருக்கும்) நூல் என்றால் கைக்குழந்தைக் குல்லாவுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் போதும், விரல் மூடாத க்ளவுஸ் ஒரு ஜோடிக்கு 50 கிராம் பக்கம், பெரியவர்கள் குல்லாவுக்கு 60 முதல் 80 வரை ஆகும். ஊசி அளவையும் உங்கள் கை இறுக்கத்தையும் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

லேபிள் இல்லாததற்கு, ஒரு சின்னத் துண்டை வெட்டி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு விடாமல் எரியும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணி போல ஆகிவிடும், சூடாக இருக்கும்போது தொடாதீர்கள். கலப்பு நூலில் இந்தச் சோதனை தெளிவாகச் சொல்லாது, அதை அக்ரிலிக் போலவே நடத்துவது பாதுகாப்பு. பருமனுக்கு, லேபிள் உள்ள ஒரு நூலையும் இல்லாததையும் அளவுகோலில் பக்கத்துப் பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு அங்குலத்துக்கு எத்தனை சுற்று வருகிறது என்று ஒப்பிடுங்கள்.

நூல் போதாமல் போகும் பயத்துக்கு மருந்து, மூலையில் தொடங்கும் சதுரம். 4 கண்ணியில் ஆரம்பித்து எல்லா வரிசையும் நிட் (சாதாரண நேர்க்கண்ணி) போட்டு, வரிசைக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், உருண்டையின் எடை பாதியை நெருங்கியதும் குறைக்கத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். சரியாகப் பாதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே திரும்பிவிடுங்கள், ஓரம் முடிக்க அந்த மிச்சம் உதவும். பருத்தி முழுவதையும் இப்படிப் பாத்திரம் துடைக்கும் துணியாக்கிவிடலாம்.

இரட்டை இழை:
மேலே சொன்னது எனக்கும் சரிதான், ஆனால் எடையை விட நிறம்தான் மிச்ச நூலில் பெரிய தலைவலி. பத்து நிறத்தைப் பத்துக் கோடாகப் போட்டால் மிச்ச நூலில் பின்னியது என்று தூரத்திலேயே தெரியும். சாம்பலோ வெள்ளையோ எது அதிகமாக இருக்கிறதோ அதை ஒன்றுவிட்டு ஒரு கோடாக வைத்து, நடுவில் மற்ற நிறங்களை மாற்றிப் பாருங்கள், ஒன்றோடொன்று சேராத நிறங்கள்கூட இப்படி வைத்தால் ஒரே குடும்பமாக நிற்கும். மெல்லிய சாக்ஸ் நூல் இருந்தால் இரண்டு இழையாகச் சேர்த்துப் பின்னுங்கள், டிகே பருமனோ அதைவிடக் கொஞ்சம் தடிமனோ வந்துவிடும், இரண்டு நிறமும் கலந்து புள்ளி புள்ளியாக அழகாக இருக்கும், நூலும் இரண்டு மடங்கு வேகத்தில் தீரும்.

அப்புறம், குல்லாவை உச்சியிலிருந்து கீழே பின்னுங்கள். விளிம்பிலிருந்து தொடங்கினால் உச்சி மூடும் நேரத்தில் நூல் தீரும். உச்சியிலிருந்து வந்தால் தலையளவு அகலம் வந்ததும் நேராக இறங்கி, நூல் உள்ளவரை நீளம் வைத்துக்கொள்ளலாம், மடிப்புக்கு மிஞ்சினால் மடிப்பு வைக்கலாம். கடைசி ஓரம் கட்ட, சுற்றளவைப் போல 4 மடங்கு நீளமாவது விட்டு வையுங்கள். க்ளவுஸ் போடுவதானால் தொடங்கும் முன்பே நூலை எடை பார்த்து இரண்டு சம உருண்டையாகச் சுற்றிவிடுங்கள்.

நிதானம்:
ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்து. தீர்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் பின்னினால் பெட்டியில் இருந்த நூல் அலமாரியில் பொருளாக உட்காரும், அவ்வளவுதான் வித்தியாசம். யாருக்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள். குழந்தைக் குல்லா மருத்துவமனைக்குக் கொடுப்பதானால் எந்த நூல், எந்த அளவு வாங்கிக்கொள்வார்கள் என்று விசாரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மென்மையாகவும் அடிக்கடி துவைக்கத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும், உதிர்கிற மோஹேர் (அங்கோரா ஆட்டு ரோம நூல்) வேண்டவே வேண்டாம்.

அக்ரிலிக்கில் சூடான பாத்திரம் வைக்கும் விரிப்போ கைப்பிடித் துணியோ பின்னிவிடாதீர்கள், உருகும். அதற்குக் கம்பளிதான். சூப்பர்வாஷ் (துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்தியது) அல்லாத கம்பளியில் தளர்வாகப் பெரிதாகப் பின்னி, வெந்நீரும் சோப்பும் போட்டு அலசித் தேய்த்தால் சுருங்கித் தடிக்கும், இரண்டு அடுக்காக வைத்துத் தைத்தால் சூடு கைக்கு வராது. அதே வகைக் கம்பளியின் துண்டுகளை முடிச்சுப் போடாமல் இணைக்கலாம்: இரண்டு நுனியையும் பிரித்து ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஈரமாக்கி, உள்ளங்கையில் வேகமாக உருட்டினால் ஒட்டிக்கொள்ளும். சூப்பர்வாஷிலும் அக்ரிலிக்கிலும் பருத்தியிலும் இது நடக்காது.

நூல்பெட்டி:
மூவருக்கும் நன்றி! தராசு வைத்து எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். பருத்தி நான் நினைத்ததைவிட அதிகம், அதனால் சதுரத் துணியில்தான் தொடக்கம். ஒன்று மட்டும் கேட்கிறேன், அடர் சிவப்புப் பருத்தியை வெள்ளையோடு சேர்க்கலாமா?

கண்ணிக்கணக்கு:
முதலில் சிவப்பில் ஒரு முழ நீளம் வெட்டி, வெள்ளை நூலோடு முறுக்கி, சோப்புக் கலந்த வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளையில் ரோஸ் நிறம் ஏறினால் சிவப்பைத் தனித் துணியாகவே பின்னிவிடுங்கள், துவைக்கும்போதும் தனியாகவே போடுங்கள். ஏறவில்லை என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.