தாளை வாங்கி எழுதுவதா நிருபர் வேலை?

எண்கோணம்: நேற்று ஜூரோங்வாசி இங்கே எழுதியது: “நீதிமன்ற நிருபருக்கு என்ன திருப்தி வேண்டிக்கிடக்கிறது? அரசுத் தரப்பு தரும் தாளைப் பார்த்து எழுதுவதுதானே.” படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. சிங்கப்பூரில் சபார்டினேட் கோர்ட் என்ற பெயர் 2014-ல் அரசு நீதிமன்றம் என்று மாறுவதற்கு முன்பிருந்தே, அந்த நீதிமன்றம் இருக்கும் ஹேவ்லாக் ஸ்கொயரில் உட்கார்ந்து எழுதியவன் நான். தாளில் குற்றமும் சட்டப்பிரிவும் இருக்கும். தண்டனை சொன்னதும் பின்வரிசை அம்மா என் பக்கம் திரும்பி, “தம்பி, வாரமா மாசமா?” என்று கேட்டது எந்தத் தாளில் இருக்கிறது?

ஜூரோங்வாசி: அம்மா கேட்டது செய்தியா? தாளில் இருப்பதுதான் செய்தி.

தேக்கா தம்பி: அண்ணே, உள்ளே ஒலிப்பதிவு கூடாது. காதும் கையும்தான் கருவி. போய்ப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

ஜூரோங்வாசி: தாளில் இல்லாததை எழுதினால் நீதிமன்ற அவமதிப்பு. 2016 சட்டம் தெரியுமா?

எண்கோணம்: நன்றாகவே தெரியும். திறந்த நீதிமன்றத்தில் நடந்ததை நேர்மையாக, பிழையில்லாமல் எழுதினால் அவமதிப்பு ஆகாது. பெயர் வெளியிடத் தடை இருந்தால் வெளியிட மாட்டோம், அவ்வளவுதான். பார்த்தி லியானி வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாளி வீட்டில் திருடியதாக அந்தப் பணிப்பெண்ணுக்கு 2019-ல் 26 மாதச் சிறை. 2020 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. முதல் நாள் தாளோடு நிறுத்தியிருந்தால் ஊருக்கு அவர் இன்றும் திருடிதான். குற்றம் சாட்டிய நாளில் பேர் போட்ட கை, விடுதலையான நாளிலும் போட வேண்டும். அந்தச் செய்தியை எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போகிற திருப்தி வேறு எந்த வேலையிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஜூரோங்வாசி: அவரை விடுவிக்க வாதாடியது வழக்கறிஞர். நிருபர் ஏன் மாலை கேட்கிறார்? விடுதலைத் தீர்ப்பும் ஒரு தாள்தான்.

எண்கோணம்: மாலை யார் கேட்டது? தாள், தாள் என்று எத்தனை முறை சொல்வீர்கள்?

ஈசூன் அக்கா: இரண்டு பேரும் நிறுத்துங்கள். திருப்தி என்று பேசுகிறீர்களே, அடுத்தவர் வீட்டுத் துயரத்தில் என்ன திருப்தி? எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பையன் பேர் பேப்பரில் வந்த பிறகு அவன் தங்கையை லிஃப்டில் எல்லோரும் முறைத்தார்கள்.

எண்கோணம்: அக்கா, முறைத்தது அண்டைவீட்டார். அதற்கும் நிருபரா பொறுப்பு?

ஈசூன் அக்கா: பேரைப் போட்டது யார்?

தேக்கா தம்பி: பேர் போடாவிட்டால் வாட்ஸ்அப்பில் வேறு யார் பேரையாவது போடுவார்கள். அது பரவாயில்லையா?

ஜூரோங்வாசி: போன மாதம் கார்பார்க் விவாதத்திலும் இந்தத் தம்பி இப்படித்தான், கேட்டதை விட்டுவிட்டு வேறு எங்கோ போனார்.

தேக்கா தம்பி: கார்பார்க்கை ஏன் இழுக்கிறீர்கள்? அதில் நான் சொன்னதுதான் சரி.

எண்கோணம்: கார்பார்க் கிடக்கட்டும். ஜூரோங்வாசி, ஒரு காலை வந்து உட்காருங்கள், பொதுமக்களுக்கும் இடம் உண்டு. உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் தாளைப் பற்றிப் பேசுங்கள்.

ஜூரோங்வாசி: வேலைக்குப் போகிறவன் நான். தாளை அனுப்புங்கள், வீட்டிலிருந்தே எழுதிக் காட்டுகிறேன்.