மறு: கிளைடருக்கு ஒரு தமிழ்ச்சொல் (கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது)

அனுப்புநர்: அறிவியல் ஆசிரியை, ஏற்காடு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில், தொலைவிலிருந்து இயக்கும் மாதிரிக் கிளைடரைக் கட்டிப் பறக்கவிடும் பயிற்சி ஒன்றை எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தவிருக்கிறோம். அதற்கான கையேட்டை எழுதி முடித்துவிட்டேன். வரும் திங்களன்று அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். இறக்கை, வால், மூக்கு, பசை ஆகியவற்றுக்குச் சொல் தேடி அலைய நேரவில்லை. தலைப்பிலேயே நிற்கிற கிளைடருக்குத்தான் சிக்கல். என் கையெழுத்துப் படியில் ஓரிடத்தில் ‘மிதவை வானூர்தி’ என்றும், இன்னோரிடத்தில் ‘சறுக்கு விமானம்’ என்றும், களைத்துப்போன பக்கங்களில் வெறுமனே ‘அது’ என்றும் இருக்கிறது.

உந்தும் இயந்திரம் இல்லாமல் காற்றின் போக்கைக் கொண்டே பறப்பது என்ற பொருள் சொல்லில் தெரிய வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு முறை கேட்டதும் திருப்பிச் சொல்லவும் வேண்டும். ‘ரேடியோ கண்ட்ரோல்’ என்பதற்கும் ஒரு வழி சொல்லுங்கள். ‘வானொலிக் கட்டுப்பாடு’ என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். அது பாட்டுப் பாடுமா என்று ஒரு மாணவி கேட்டாள்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

அம்மையீர்,

இந்தக் கேள்வி சேலத்து மண்ணிலிருந்து எழுவது பொருத்தமே. அறிவியலைத் தமிழில் சொல்லக் கலைச்சொற்கள் வேண்டும் என்று 1916ஆம் ஆண்டிலேயே இராஜாஜி முதலியோர் சேலத்தில் ‘தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்’ கண்டனர். அந்தப் பெயரில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் தமிழாக இல்லை என்பது வேறு கதை.

நமக்குச் சொல் புதிதாகப் படைக்க வேண்டிய தேவையே இல்லை. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், புலவர் பாடும் புகழுடையோர் விசும்பில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ எய்துவர் என்கிறார். வலவன் என்பவன் பாகன். அவன் செலுத்தாமலே செல்லும் ஊர்தி அது. சீவக சிந்தாமணியிலோ, சீவகனின் தாய் விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியை, அதாவது மயில் வடிவப் பறக்கும் பொறியை, இயக்கும் முறையே சொல்லப்பட்டிருக்கிறது: பொறியை வலமாகத் திருகினால் மேகத்தைப் பிளந்துகொண்டு எழும், இடமாகத் திருகினால் இறங்கிக் கால் குவித்து அமரும். கையிலுள்ள குமிழைத் திருப்பி வானத்திலுள்ளதை ஏற்றி இறக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி எங்கே கிடைக்கும்? ஆகவே ‘வலவனேவா ஊர்தி’ என்றோ, சுருங்க ‘வான்பொறி’ என்றோ வழங்கலாம்.

மிதவையும் சறுக்கும் வேண்டா. மிதவை என்பது தெப்பம். சறுக்குதல் என்பது அடி தவறுதல். ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, சறுக்குவதையே பெயராகக் கொண்ட ஒன்றின்மீது எப்படி நம்பிக்கை வைக்கும்?

அனுப்புநர்: இயற்பியல் பேராசிரியர், சேலம்

ஐயா, ‘மிதவை’யை நானும் எதிர்க்கிறேன், ஆனால் தெப்பத்தை முன்னிட்டு அன்று. நம் பாடநூல்களில் ‘மிதப்பு விசை’ என்பது ஆர்க்கிமிடீசின் விசை. நீரில் கட்டையும், காற்றில் சூடேற்றிய பலூனும் அதனால் மிதக்கின்றன. கிளைடர் காற்றைவிடப் பன்மடங்கு அடர்த்தியானது; அது ஒரு நொடியும் மிதப்பதில்லை. இறக்கையைச் சுற்றிக் காற்று ஓடினால்தான் அதற்குத் தூக்கு விசை கிடைக்கும். ஓட்டம் அளவுக்குமேல் தளர்ந்தால் தூக்கு விசை அறுந்து மூக்குக் கவிழும். உந்தும் இயந்திரம் இல்லாத ஒன்றுக்கு அந்த ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், தன் உயரத்தைச் சிறிது சிறிதாகச் செலவழித்து அது வாங்கிக்கொள்கிறது என்பதே விடை. சீராகப் பறக்கும் கிளைடர் தன்னைச் சூழ்ந்த காற்றினுள் எப்போதும் கீழ்நோக்கிச் சறுக்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் இறங்குவதற்குள் 15 மீட்டர் முன்னே போனால் அதன் சறுக்கு விகிதம் 15. கையேட்டில் இந்தக் கணக்கு கட்டாயம் வரும். அங்கே ‘மிதவை விகிதம்’ என்று எழுதினால் பிள்ளை படகின் எடையைத் தேடும்.

அப்படியானால் அது மேலே ஏறுவது எவ்வாறு என்பதில்தான் பெயரின் வழக்கே இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று சேர்வராயன் மலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. அந்தக் காற்று நொடிக்கு ஒன்றரை மீட்டர் எழுகிறது என்றும், கிளைடர் அதனுள் நொடிக்கு அரை மீட்டர் சறுக்குகிறது என்றும் கொள்வோம். விளிம்பில் நிற்பவர் கண்ணுக்கு அது நொடிக்கு ஒரு மீட்டர் ஏறும். மேலே போகும் நகரும் படிக்கட்டில் ஒருவர் மெல்ல இறங்கிக்கொண்டே மாடிக்குப் போய்ச் சேருவதைப் போன்றது இது. பிள்ளைகள் மிகவும் தடுமாறும் இடமும் இதுவே. பெயரிலேயே ‘சறுக்கு’ இருந்தால் பாதி விளக்கம் அங்கேயே முடிந்துவிடும்.

வலவனைப் பற்றி ஒரு சொல். மாதிரிக் கிளைடரின் வலவன் கையில் டிரான்ஸ்மிட்டருடன் மலை விளிம்பில் நிற்கிறான், அவன்தான் ஏவுகிறான். ஏறவில்லை, அவ்வளவே. ‘வலவன் ஏறா ஊர்தி’ என்று ஓரெழுத்தை மாற்றிக்கொண்டால் பொருள் சரியாகும். ஆனால் அது ட்ரோன் உட்பட எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிடும். என் பரிந்துரை ‘சறுக்கூர்தி’.

அனுப்புநர்: வெள்ளிப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

பெரியவர்களுக்கு வணக்கம். வார நாட்களில் கொலுசு செய்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளைடர் கட்டுபவன். கட்டுகிறவர்கள் வாயில் என்ன சொல் வருகிறது என்பதை மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நுரைப்பலகையில் இறக்கை அறுக்கும்போது, பேட்டரியில் சூடேற்றிய நிக்ரோம் கம்பியை ஆளுக்கொரு முனையாக இருவர் பிடித்து, இரு புறமும் ஒட்டிய அச்சுத் தகட்டின்மேல் ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினால் இறக்கை முறுக்கிக்கொள்ளும். கட்டி முடித்தபின், இறக்கையின் அடியில் முன்விளிம்பிலிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளி இரு பக்கமும் புள்ளி வைத்து, இரண்டு ஆட்காட்டி விரல்களின்மேல் தூக்கி நிறுத்துவோம். வால் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் வைக்க வேண்டும். அந்த ஈயத்தை நான் கொலுசு நிறுக்கும் தராசிலேயே நிறுக்கிறேன், ஏனெனில் சிறிய கிளைடரில் ஐந்து கிராமும் பறப்பில் தெரியும். இத்தனை வேலையிலும் பிள்ளைகள் ‘மூக்குக் கனம்’, ‘வால் கனம்’, ‘றெக்கை முறுக்கு’ என்றே பேசுகிறார்கள், யாரும் கற்பிக்கவில்லை. ‘ஈர்ப்பு மையத்தின் பின்னகர்வு’ என்று கையேட்டில் அச்சிட்டால், அதை மூக்கு வால் கணக்கில் மறுபடி மொழிபெயர்த்துத்தான் படிப்பார்கள். அதே பிள்ளைகள் கிளைடரைக் கிளைடர் என்றே சொல்கிறார்கள். வால் மடல்களை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவையும் பேட்டரியையும் விட்டுவைத்த நாம் இதை மட்டும் ஏன் துரத்த வேண்டும்?

ஒன்றுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் தானாகவே அமைந்திருக்கிறது. இறக்கை நுனியில் பதித்த சிறு முளையை விரல்களால் பற்றி, உடம்பை ஒரு சுற்றுச் சுற்றி வீசும் வகை ஒன்று உண்டு. பன்னாட்டு வான்விளையாட்டுக் கூட்டமைப்பு அதை எஃப்3கே என்ற பிரிவில் வைத்து, இறக்கை நீளம் 1,500 மில்லிமீட்டருக்கும் எடை 600 கிராமுக்கும் மிகாமல் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. பள்ளி விளையாட்டில் வட்டு எறிந்த பையன் ஒருவன் அதைப் பார்த்ததும் ‘வட்டெறி கிளைடர்’ என்றான். மலைச்சரிவு தேவையில்லை, சமவெளித் திடலே போதும் என்பதால் சேலத்துக்கு ஏற்ற வகை இதுதான். கமலாபுரம் விமான நிலையத்தின் சுற்றுவட்டாரத்தில் மட்டும் எதையும் பறக்கவிடக் கூடாது என்பதைக் கையேட்டில் பெரிய எழுத்தில் போடுங்கள். சொல்லாய்வைவிட அது முக்கியம்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

பேராசிரியரின் இயற்பியலுக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் ‘சறுக்கூர்தி’யில் சறுக்கைவிடப் பெரிய குற்றம் ‘ஊர்தி’யில் இருக்கிறது. ஊர்தல் என்பது ஏறிச் செலுத்துதல். குதிரை ஊர்ந்தான், தேர் ஊர்ந்தான் என்பது வழக்கு. ஊரப்படுவது ஊர்தி. ஆள் ஏறாத, ஏறவும் முடியாத அறுநூறு கிராம் பொருளை ஊர்தி என்பது எப்படி? வலவனேவா ஊர்தியில்கூடப் புகழுடையோர் ஏறிச் சென்றனர்.

எனவே வேறு வழி காண்கிறேன். பழந்தமிழில் ‘கால்’ என்பது காற்று. இவர்தல் என்பது ஏறுதல், மேற்கொண்டு செல்லுதல். காற்றை மேற்கொண்டு ஏறிச் செல்வது ‘காலிவரி’. இதில் சறுக்கலும் இல்லை, தெப்பமும் இல்லை. மலைச்சரிவில் ஏறுகிறது என்ற உண்மையும் இருக்கிறது. நான்கே எழுத்து.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், பெங்களூரு (சொந்த ஊர் மேட்டூர்)

‘காலிவரி’யைக் கையேட்டில் பார்த்த பெற்றோர், நகராட்சி புதிதாகக் காலிமனை வரி கேட்கிறது என்று எண்ணிப் பள்ளிக்கு வந்து நிற்பார்கள், ஐயா. மன்னிக்கவும்.

‘ஊர்தி’க்கு நீங்கள் வைத்த தடை நிற்காது என்று நினைக்கிறேன். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்ற இடத்தில் எறும்பின்மேல் யாரும் ஏறவில்லை. தானே மெல்ல நகர்வதும் ஊர்தல்தான். ஊர்வது ஊர்தி என்று கொள்ள இடமுண்டு. புணர்ச்சியிலும் தொல்லை இல்லை: ‘சறுக்கு’ என்பதை வினைப்பகுதியாகக் கொண்டு வினைத்தொகை என்றாலும், பெயராகக் கொண்டாலும், உயிர் வரக் குற்றியலுகரம் கெட்டுச் ‘சறுக்கூர்தி’ என்றே முடியும். ‘மிதவூர்தி’ காதுக்கு இனியது. பேராசிரியர் அதைக் கொன்றுவிட்டார்.

ஜெர்மானியர் கிளைடரைப் பாய்கட்டிப் பறப்பது என்ற பொருளில் வழங்குகிறார்கள். முதல் உலகப் போருக்குப் பின் இயந்திர விமானங்களுக்கு விதிக்கப்பட்ட தடையால் கிளைடர்க் கலையை வளர்த்தவர்கள் அவர்கள். 1920இலேயே ரோன் மலையில் போட்டி நடத்தினார்கள். அவ்வழியில் ‘பாயூர்தி’ என்றால், காற்றை வாங்கும் பாயும் வரும், பாய்தலும் வரும். படுக்கிற பாயும் வந்துவிடும் என்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை.

பட்டறை நண்பர் கேட்ட கேள்விக்கு நம் இலக்கணத்தில் விடை உண்டு. வடசொல் வரும்போது வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்தினால் அதை ஏற்கலாம் என்பது தொல்காப்பியம். வடசொல்லுக்குத் தந்த இடத்தை ஆங்கிலச் சொல்லுக்கு மறுக்கக் காரணமில்லை. கிளைடரில் கிரந்த எழுத்து ஒன்றுமில்லை. ஆனால் கிளைடரிலிருந்து சறுக்கு விகிதத்தையோ சறுக்குக் கோணத்தையோ நாம் கிளைக்க வைக்க முடியாது, சறுக்கூர்தியிலிருந்து முடியும். அதற்காகவே என் வாக்கு சறுக்கூர்திக்கு. ‘ரேடியோ கண்ட்ரோல்’ என்பதற்குத் ‘தொலைவியக்கம்’ போதும், கையிலிருப்பது ‘தொலைவியக்கி’. அலை எதுவென்று பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அனுப்புநர்: அறிவியல் ஆசிரியை, ஏற்காடு

அனைவருக்கும் நன்றி. இன்று சனிக்கிழமை, இதற்குமேல் காத்திருக்க இயலாது. சொற்களைத் தனியே பார்ப்பதைவிட வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். கையேட்டில் வரும் பத்தி இனி இவ்வாறு இருக்கும்:

“காற்று முகத்தில் சீராக அடிக்கும் சரிவின் விளிம்பில் நின்று, சறுக்கூர்தியின் மூக்கைச் சற்றே தாழ்த்திக் காற்றுக்கு எதிராக எறிய வேண்டும். சரிவை ஒட்டிய எழுகாற்றில் அது ஏறும். மூக்கை மிகவும் உயர்த்தினால் வேகம் குறைந்து தூக்கிழப்பு நேரும். அப்போது மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். முகட்டுக்குப் பின்புறம் காற்று சுழன்று கீழிறங்கும். அங்கே சறுக்கூர்தியைக் கொண்டு செல்லக் கூடாது. சென்றால் பெரும்பாலும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில்தான் தேட வேண்டியிருக்கும். மக்கள் கூடும் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் போன்ற இடங்களில் பறக்கவிடக் கூடாது.”

முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘கிளைடர் என்னும் சறுக்கூர்தி’ என்று இருக்கும். ‘வட்டெறி’யை அப்படியே எடுத்து ‘வட்டெறி சறுக்கூர்தி’ என்று வைத்துக்கொண்டேன், அந்தப் பையனுக்குச் சொல்லிவிடுங்கள். மூக்குக் கனமும் வால் கனமும் நிற்கின்றன. எழுகாற்றுக்கும் தூக்கிழப்புக்கும் யாரும் மறுப்புச் சொல்லாதது எனக்கே வியப்பு; கவனிக்கவில்லை என்று சந்தேகிக்கிறேன். பிள்ளைகள் திடலில் கிளைடர் என்றுதான் கத்துவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அனுப்புநர்: வெள்ளிப் பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

ஏற்கிறேன். அட்டைப்படத்துக்கு என் சறுக்கூர்தியின் ஒளிப்படம் ஒன்றை இணைத்திருக்கிறேன்.

அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆத்தூர்

பெரும்பான்மை முடிவுக்கு உடன்படுகிறேன். என் மறுப்பைப் பதிவில் வைக்க வேண்டுகிறேன். அட்டையில் ‘சறுக்கு ஊர்தி’ என்று பிரித்து அச்சிட்டுவிடாதபடி அச்சகத்தாரிடம் சொல்லுங்கள். ‘தூக்கிழப்பு’ என்பதைத் தூக்கம் இழந்ததாகவே ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை படிக்கும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கால் என்றால் காற்று என்பதற்கு ஓர் அடிக்குறிப்புக்காவது இடம் இருக்குமா? நாளை மாலைக்குள் எழுதி அனுப்பிவிடுவேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகாது.